முத்திரை பெற்ற வதந்தி

கொள்ளைநோயோடு வதந்தி பரவுவது புதிதன்று. வதந்தியே சட்டமானால் மக்கள் எங்கே முறையிடுவது? கொரோனாவால் இறந்தோரைப் புதைத்தால் நிலத்தடி நீர் நஞ்சாகும் என்றனர். கிணற்று நீரை நம்பி வாழும் சம்பூராராகிய எமக்கு அவ்வச்சம் புரியும். அதனாலேயே சான்று கேட்டோம். சான்று வரவில்லை, 2020 ஏப்ரலில் கட்டாய எரிப்பு ஆணையே வந்தது. அடக்கமும் தகுமென உலக சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே அறிவித்திருந்தது.

மூதூரில் எம் அயலவரான முஸ்லிம் மக்களுக்கு அடக்கம் மார்க்கக் கடமை. டிசம்பரில் பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டி எதிர்த்தனர். 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கிற்று. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிந்த உடல் மீளுமா? சான்று கேட்பது மக்கள் உரிமை. காட்டுவது ஆள்வோர் கடமை.