திவால், ஐ.பி., மஞ்சக் கடுதாசி: கடனில் முழுகியவர்களின் சொற்கள்

ஆங்கில வகுப்பில் ஒரு சந்தேகம் வந்தது. 'பேங்க்ரப்ட்', 'இன்சால்வென்ட்' இரண்டும் ஒன்றுதானா? ஒன்றுதான் என்றால் இரண்டு வார்த்தை எதற்கு? அகராதியைப் புரட்டப் போய், அது இங்கிலாந்துக்கு இழுத்துக்கொண்டு போய், கடைசியில் நம்ம தஞ்சாவூரிலேயே கொண்டுவந்து விட்டது. அந்தச் சுற்றுப் பயணம்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த இரண்டு வார்த்தைகள். 'பேங்க்ரப்ட்' இத்தாலிய மொழியின் 'பங்கா ரொட்டா'விலிருந்து வந்தது. பொருள், உடைந்த பெஞ்சு. பணம் மாற்றுகிறவர்கள் சந்தையில் பெஞ்சு போட்டுத் தொழில் செய்தார்கள். கடனைத் தீர்க்க முடியாதவனின் பெஞ்சை நிஜமாகவே உடைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை நன்றாக இருக்கிறது, ஆனால் ஆதாரம் பலமாக இல்லை. 'தொழில் உடைந்தது' என்ற பொருளில் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். 'இன்சால்வென்ட்' லத்தீன் வேர் உள்ளது. கட்டை அவிழ்க்க முடியாதவன், அதாவது கடனைத் தீர்க்க முடியாதவன்.

இங்கிலாந்துச் சட்டம் இந்த இரண்டையும் ரொம்ப காலம் வேறு வேறாகவே வைத்திருந்தது. அங்கே முதல் பேங்க்ரப்ட் சட்டம் 1542-இல் வந்தது. அதன்படி பேங்க்ரப்ட் ஆனவன் குற்றவாளி. பிறகு அது வியாபாரிகளுக்கு மட்டும் உரிய சட்டமாக ஆனது. 1705-இல் ஒரு பெரிய மாற்றம்: சொத்தை ஒளிக்காமல் ஒப்படைத்த வியாபாரிக்கு மீதிக் கடனிலிருந்து விடுதலை கிடைத்தது. வியாபாரி அல்லாதவன் கடன்பட்டால்? அவன் வெறும் இன்சால்வென்ட். அவனுக்குக் கடன்காரர் சிறைதான். எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸின் அப்பா 1824-இல் அப்படித்தான் லண்டன் மார்ஷல்சீ சிறையில் இருந்தார். 1861-இல்தான் வியாபாரி அல்லாதவர்களுக்கும் பேங்க்ரப்ட் சட்டம் திறந்துவிடப்பட்டது. ஆக, ஒரே நஷ்டம், ஆனால் ஆளைப் பொறுத்து வார்த்தை மாறும். வார்த்தையைப் பொறுத்து தண்டனையும் மாறும்!

இனி நம்ம ஊர். ராஜாவிலிருந்து ஆரம்பிப்போம்.

1773-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, கும்பினிப் படையின் உதவியோடு தஞ்சாவூரைப் பிடித்தார். நவாபோ கழுத்து வரை கடனில் இருந்தவர். கடன் கொடுத்தவர்களில் பலர் கும்பினி உத்தியோகஸ்தர்களே. 1776-இல் சென்னை கவர்னர் பிகட் பிரபு தஞ்சாவூரை மராட்டிய மன்னர் துளஜாவிடம் திருப்பிக் கொடுத்தார். உடனே பால் பென்ஃபீல்ட் என்ற கும்பினி ஊழியர் எழுந்து நின்றார். நவாபுக்குக் கொடுத்த கடனுக்கு ஈடாகத் தஞ்சாவூர் வருமானமும் வயலில் நிற்கும் விளைச்சலும் தனக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்றார். சொற்ப சம்பளக்காரரான அவர் இரண்டு லட்சம் பவுனுக்கு மேல் கேட்டார். இந்தச் சண்டை முற்றி, அந்த வருடம் ஆகஸ்டில் சொந்த கவுன்சில்காரர்களே பிகட்டைக் கைது செய்தார்கள். 1777-இல் காவலிலேயே அவர் இறந்தார். நவாபின் கடன் விவகாரம் லண்டன் பார்லிமென்ட் வரை போய், 1785-இல் எட்மண்ட் பர்க் அதைப் பற்றிப் புகழ்பெற்ற உரையே ஆற்றினார்.

இத்தனை நடந்தும் அதற்குப் பெயர் 'நவாபின் கடன்கள்' மட்டுமே. அவரை யாரும் பேங்க்ரப்ட் என்று கோர்ட்டில் நிறுத்தவில்லை. யாரோ வாங்கிய கடனுக்கு அடகுப் பொருளானது தஞ்சாவூர்க் குடியானவன் விளைவித்த நெல்.

அடுத்து வியாபாரி. 1906 அக்டோபர் 22-ஆம் தேதி சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்தியது. வெள்ளைக்கார கம்பெனி, கல் மாதிரி நிற்கும் என்று நம்பிப் பென்ஷன்காரர்கள், விதவைகள், கோயில் தர்மகர்த்தாக்கள் என்று பலரும் பணம் போட்டிருந்தார்கள். தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. பணத்தை இழந்தவர்கள் பக்கம் நின்று வாதாடிய வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர், நம்ம தஞ்சாவூர் ஜில்லா திருவிடைமருதூர்க்காரர். நம் பணத்துக்கு நம் வங்கி வேண்டும் என்று அவர் முன்னின்று எடுத்த முயற்சியில் பிறந்ததுதான் இந்தியன் வங்கி. 1907 ஆகஸ்ட் 15-இல் அது வேலையைத் தொடங்கியது.

சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்று நகரங்களிலும் 1828 முதலே இன்சால்வென்ட் கோர்ட்டுகள் இருந்தன. வெளியூர்களுக்கு என்று தனி இன்சால்வென்சி சட்டம் 1907-இல் வந்தது. 1920-இல் அது திருத்தி எழுதப்பட்டது. இந்தச் சட்டத்தின்படி கடனாளி தானே கோர்ட்டில் மனுப் போடலாம். அந்த 'இன்சால்வென்சி பெட்டிஷன்'தான் நம் பேச்சில் 'ஐ.பி.' ஆனது. நோட்டீஸ் மஞ்சள் தாளில் வந்ததால் 'மஞ்சக் கடுதாசி' என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 'திவால்' வடக்கிலிருந்து வந்த சொல். இந்தியிலும் மராத்தியிலும் 'திவாலா'. இலங்கைத் தமிழில் 'வங்குரோத்து' என்கிறார்கள். 'பேங்க்ரப்ட்'டின் உறவுக்கார வார்த்தை அது, ஐரோப்பியர்களிடமிருந்து கப்பலில் வந்தது. 2022-இல் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது அங்குள்ள பத்திரிகைகளில் அடிக்கடி கண்ணில் பட்டது.

ஆனால் இவை எல்லாமே கடைத்தெருச் சொற்கள். வயல் பக்கம் பேசுவது வேறு. 'நொடிச்சுப் போயிட்டார்' என்பார்கள். 'ஓட்டாண்டி ஆயிட்டான்' என்றால் கையில் திருவோடு மட்டும் மிச்சம். 'தலையில துண்டு' என்றால் முகத்தை மூடிக்கொண்டு ஊரைக் கடக்க வேண்டிய நிலை. இதிலெல்லாம் என்னை நிறுத்தியது 'முழுகிப் போச்சு'. வயலில் தண்ணீர் நின்றால் பயிர் முழுகுகிறது. நடவுச் செலவுக்கு அடகு வைத்த நகையைக் கெடுவுக்குள் மீட்கவில்லை என்றால் நகையும் 'முழுகிப் போச்சு'. கடைசியில் 'குடி முழுகிப் போச்சு'. பயிர், நகை, குடும்பம் மூன்றுக்கும் ஒரே வினைச்சொல்! எங்கள் பாட்டி நகை முழுகிய கதையைச் சொல்லும்போது வெள்ளத்தைப் பற்றிச் சொல்கிறாள் என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன்.

1930-களில் இந்தச் சொல்லுக்கு நிறைய வேலை இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. கிஸ்தியும் வட்டியும் அப்படியே நின்றன. அதாவது பழைய கடனைத் தீர்க்க இரண்டு மடங்கு நெல் அளக்க வேண்டும். 1938-இல் ராஜாஜி அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில் 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டி ரத்து. அசலைப் போல இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது.

கவனியுங்கள். வியாபாரிக்கு ஐ.பி. இருக்கிறது. விவசாயிக்குக் கிடைத்தது நிவாரணம், பிற்காலத்தில் தள்ளுபடி. சட்டப்படி விவசாயியும் ஐ.பி. போடலாம்; உழவுக் கருவி, மாடு, விதைநெல் போன்றவற்றை ஜப்தி செய்யக்கூடாது என்று 1908 சிவில் நடைமுறைச் சட்டமே சொல்கிறது. ஆனால் ஊரில் 'மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்' என்றால் என்ன அர்த்தம்? ஏமாற்றிவிட்டான் என்று அர்த்தம். கோர்ட் படியேறி "என்னால் முடியவில்லை" என்று சொல்கிறவன் மோசக்காரன். சொல்லாமல் முழுகுகிறவன் மானஸ்தன். 1542-இல் இங்கிலாந்து நினைத்ததைத்தான் நாமும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழக அரசு அப்போதிருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. காவிரிப் பாசன விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டையோடுகளோடு உட்கார்ந்து கேட்டதில் முக்கியமானது கடன் தள்ளுபடி. தள்ளுபடி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தள்ளுபடி அரசு மனமிரங்கிக் கொடுப்பது, வருடம் பார்த்து வருவது. கடனிலிருந்து சட்டப்படி விடுதலை என்பது ஒரு தனி மனிதன் தலையில் துண்டு இல்லாமல் போய்க் கேட்கக் கூடிய உரிமை. இங்கிலாந்தில் வியாபாரி அதை 1705-இல் பெற்றான்.

'இன்சால்வென்ட்' என்ற வார்த்தைக்குள் கட்டு அவிழ்வது என்ற பொருள் இருக்கிறது. 'முழுகிப் போச்சு' என்பதில் கரையேறுவது பற்றி எதுவும் இல்லை. அடுத்த முறை யாரையாவது 'ஐ.பி. கொடுத்துட்டான்' என்று இளக்காரமாகப் பேசும்போது, ஏமாற்றியவனா, கரையேறப் பார்த்தவனா என்று ஒரு நிமிடம் யோசித்தால் நல்லது.