வாக்கும் குரலும்

பாட்டுத் திறனை அளக்க வல்லது மக்கள் வாக்கா? அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாறு இதற்கொரு சான்று தருகிறது. 2002இல் தொடங்கிய 'அமெரிக்கன் ஐடல்' போட்டியில் நடுவர் கருத்துரைப்பர். இறுதிச் சுற்றுகளில் முடிவுரைப்பது நேயர் வாக்கே.

2004ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், ஒரு வாரம், வாக்குக் குறைந்து மூவர் பின்தங்கினர். அவருள் ஜெனிபர் ஹட்சன் ஏழாம் இடத்தோடு வெளியேறினார். எஞ்சிய இருவருள் ஒருவரான ஃபான்டேசியா பாரினோ, மறு திங்களே வெற்றி வாகை சூடினார்! ஒரு திங்களில் அவர் குரல் மாறிவிடவில்லை. நேயர் விருப்பமே மாறிற்று. ஹட்சனோ, 'டிரீம்கேர்ல்ஸ்' திரைப்படத்தில் பாடி நடித்து, 2007இல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கார் விருது பெற்றார்.

வாக்கு அன்றைய அன்பை எண்ணிக் காட்டும். திறனை முழுதும் அளந்து காட்டாது. பள்ளி மேடையில் பரிசிழந்து கலங்கும் மாணவர்க்கு ஆசிரியர் எடுத்துரைக்கத் தக்க வரலாறு இது.