மலையேற்றமும் சிறு கியரும்: ஹுன்னஸ்கிரிய வீதியை முன்வைத்து

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் ஏ-26 வீதி, தெல்தெனியவைக் கடந்து ஹுன்னஸ்கிரியவுக்கு ஏறி, உடதும்பறைக்கு அப்பால் 'பதினெட்டு வளைவு' எனப் பெயர்பெற்ற கொண்டையூசி வளைவுகளின் ஊடாக மகாவலிச் சமவெளியில் இறங்குகிறது. ஹுன்னஸ்கிரியவில் பிரியும் கிளை வீதி, லூல்வத்தை, கோர்பெட்ஸ் கெப் ஆகியவற்றின் வழியே நக்கிள்ஸ் மலைத்தொடரைக் கடந்து மீமுரேயை அடைகிறது. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815-இல் பிரித்தானியரிடம் பிடிபடுமுன் அடைக்கலம் தேடிச் சென்றது ஏ-26 வீதியை அண்டிய மெததும்பறைப் பகுதிக்கே என்பது, இம்மலைகள் எவ்வளவு எளிதில் ஏறவொண்ணாதவையாகக் கருதப்பட்டன என்பதைக் காட்டும். யாழ்ப்பாணத்தின் சமதரையிலும் மட்டக்களப்பின் கரையோரத்திலும் வீட்டுக்கு வீடு இடம்பெற்ற துவிச்சக்கரவண்டி, மலையகத்தில் அவ்வாறு வேரூன்றாமைக்கு மலையின் சரிவோடு வண்டியின் அமைப்பும் காரணமாகும்.

கியர் என்பது, மிதியோடு சுழலும் முன் பற்சில்லின் பற்களுக்கும் பின்சில்லோடு சுழலும் பற்சில்லின் பற்களுக்கும் உள்ள விகிதமேயாகும். முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களும் கொண்ட ஒற்றைக் கியர் வண்டியில், மிதி ஒருமுறை சுற்றப் பின்சில்லு ஏறத்தாழ இரண்டரை முறை சுற்றும். பின்சில்லின் சுற்றளவு 2.2 மீட்டர் எனக் கொண்டால், ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி சுமார் 5.4 மீட்டர் நகரும். செங்குத்தான ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், இவ்வண்டியில் நிமிடத்துக்கு 25 சுற்றுகளே மிதிக்க இயலுமாதலால், ஒவ்வொரு மிதியிலும் உடலின் முழுப் பாரத்தையும் இறக்க வேண்டியவராகிறார். முன்னே 28, பின்னே 32 எனப் பற்களை மாற்றினால், அதே வேகத்துக்கு ஏறத்தாழ 70 சுற்றுகள் தேவைப்படும்; மொத்த உழைப்பு மாறாதெனினும், ஒரு மிதிக்கு வேண்டிய விசை முன்னையதன் மூன்றிலொரு பங்கைவிடச் சற்றே கூடுதலான அளவுக்குக் குறைந்துவிடும்.

இவ்வுண்மையை வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியவர், 'வெலோசியோ' என்னும் புனைபெயரால் அறியப்பட்ட பிரெஞ்சுக்காரர் போல் த விவி (1853–1930) ஆவார். சாந்தெத்தியேன் நகரில் வாழ்ந்து, 1887-இல் சைக்கிள் இதழொன்றைத் தொடங்கிய இவர், நகருக்கு அருகிலுள்ள 1,161 மீட்டர் உயரமான ரிபப்ளிக் கணவாயில் பல கியர் அமைப்புகளைத் தாமே ஓட்டிப் பரிசோதித்தார். அடுத்த ஆண்டில் தூர் த பிரான்ஸ் பந்தயத்தைத் தோற்றுவிக்கவிருந்த ஆன்றி தெக்ரான்ஸ், 1902-இல், கியர் மாற்றம் 45 வயதைக் கடந்தோருக்கே ஏற்றதென எள்ளி எழுதினார். அவ்வாண்டில் வெலோசியோவுக்கு வயது 49. பந்தயக்காரரின் இவ்வெண்ணம் விதியாகவே நிலைத்து, சங்கிலியை ஒரு பற்சில்லிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் டிரெய்லர் என்னும் கருவி 1937-இல்தான் அப்பந்தயத்தில் அனுமதிக்கப்பட்டது.

அன்றாட ஓட்டுநருக்கு வழி திறந்தது இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் 1902-இல் உருவாகி, றலி வண்டிகளில் பரவலாகப் பொருத்தப்பட்ட ஸ்டேர்மி-ஆச்சர் மூன்று கியர் அச்சு ஆகும். ஆயினும் அதன் 1936-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற வகையில் கீழ்க்கியர், நேர் விகிதமான நடுக்கியரின் முக்கால் பங்காகவே இருந்தது. மேற்கூறிய வண்டியில் பொருத்தினால் நிமிடத்துக்கு 33 சுற்றுகளே கிடைக்குமென்பதால், ஹுன்னஸ்கிரிய போன்ற ஏற்றத்துக்கு அது போதாது. முன்னே மூன்று பற்சில்லுகளும் பின்னே அகன்ற பற்சில்லுத் தொகுதியும் கொண்ட மலைவண்டி, 1970களில் கலிபோர்னியாவின் மரின் மலைகளில் உருப்பெற்று, 1982-இல் ஷிமானோ நிறுவனத்தின் டியோர் எக்ஸ்டி உறுப்புத் தொகுதியால் பெருமளவு உற்பத்தியை எட்டியபோதே, வெலோசியோ கோரிய சிறு கியர் எல்லோருக்கும் எட்டியது.

முதுமையில் இதன் தேவை உடலியலால் விளங்கும். பயிற்சியற்றவர்களிடம் உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஒட்சிசன் அளவு, முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்குச் சுமார் பத்து வீதம் குறைகிறது. தசை வலிமையும் தளர்வதால், குறைந்த சுற்றில் அழுத்தி மிதிப்பது முழங்காலை வருத்துகிறது. பின் பற்சில்லை 34 பற்களாகப் பெருக்குவதும் முன் பற்சில்லைச் சிறிதாக்குவதும் இதற்குரிய எளிய தீர்வுகளாகும். ஆனால் டிரெய்லரின் கை நீளம் அவ்வளவு பெரிய பற்சில்லைத் தாங்குமா என்பதும், சங்கிலியின் நீளம் போதுமா என்பதும் வாங்குமுன் சரிபார்க்கப்பட வேண்டியவை. தெக்ரான்ஸ் ஏளனத்துக்காக எழுதிய வயது வரம்பு, அவருக்குத் தெரியாமலேயே ஒரு சரியான வைத்தியக் குறிப்பாக அமைந்தது. ஏற்றத்துக்குக் கியரைக் குறைப்பவர் தோற்றவரல்லர். எழுபதிலும் ஹுன்னஸ்கிரியவை மிதித்தே அடைய விரும்புபவர், ஐம்பதிலேயே சிறு கியரைப் பொருத்திக்கொள்வது நன்று.