தென்காசிக் கோபுரமும் தொட்டிக்கட்டு வீடுகளும்

சாரல் நாளில் தென்காசிக் கோபுர வாயிலுள் நுழைபவரை மேல்காற்று மார்பில் கைவைத்துத் தள்ளும். செங்கோட்டைக் கணவாய் வழியாக மலையிறங்கி வரும் காற்று அது. சில அடிகள் நடந்தபின், அதே காற்று முதுகுப் புறமாக வந்து உள்ளே அழைத்துச் செல்வதுபோல் தோன்றும். கவிஞர் பலர் இதனைப் பாடக் கேட்டிருக்கிறோம். அக்காற்று வரும் வழியில் இனி என்னென்ன எழும்பும் என்பதைப் பாடியோர் அரியர்.

அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1422இல் முடிசூடியவன். மதுரை பாண்டியர் கையைவிட்டு நழுவிய பின்னர்த் தென்காசியைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன். 1446இல் காசி விசுவநாதர்க்குக் கோயில் எடுக்கத் தொடங்கினான். அக்கோயிலில் அவன் பெயரால் வெட்டப்பட்டுள்ள பாடல்களின் கருத்து வியப்பிற்குரியது. இத்திருப்பணி தன் செயலன்று, இறையருள் என்கிறான். பின்னாளில் இதற்கொரு குறை நேர்ந்து, அதனைத் திருத்திக் காப்பவர் எவராயினும் அவர் அடியில் தான் விழுந்து வணங்குவதாகப் பாரறியச் சொல்கிறான். கல்வெட்டுகளில் நாம் மிகுதியும் காண்பது சாபம். அறத்திற்கு அழிவு செய்தோன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்திற் போவான் என்னும் மிரட்டல். இவனோ மிரட்டவில்லை, இன்னும் பிறவாதவரைக் கும்பிடுகிறான்.

அக்கும்பிடு வீண்போகவில்லை. மேல்நிலைகளை இழந்த கோபுரம் நெடுங்காலம் 'மொட்டைக் கோபுரம்' என்னும் பெயரோடு நின்றது. அதனைப் பார்த்தே வளர்ந்து, அதுவே கோபுரத்தின் இயல்பு என எண்ணிய தலைமுறைகள் உண்டு. சிவந்தி ஆதித்தனார் முன்னின்று நடத்திய திருப்பணியால் 1990இல் ஒன்பது நிலைகளோடு, ஏறத்தாழ 180 அடி உயரத்தில் அது மீண்டும் எழுந்தது.

கோபுரத்திற்காகக் கும்பிட ஓர் அரசன் இருந்தான். அதைச் சூழ்ந்த வீடுகளுக்காகக் கும்பிட எவர் உளர்?

இலக்கிய வட்டத்தார்க்கு இவ்வினா அயலானதன்று. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வண்ணார்பேட்டையில் கூட்டிய அவைக்கு 'வட்டத்தொட்டி' என்னும் பெயர் எவ்வாறு வந்தது? அவர் வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டில் அன்பர்கள் கூடியதால் வந்தது. தமிழ்க் கவிதையைச் சுவைத்த ஓர் அவை, வீட்டின் ஓர் உறுப்பையே பெயராகக் கொண்டது. வானம் திறந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், நடுவே விழும் மழை, மழைச் சத்தத்திற்கு மேல் எழும் குரல். பின்னர் அவர் குற்றாலத்தில் வாழ்ந்தபோது, 1954இல் மறையும்வரை, அங்கும் அன்பர் கூட்டம் அவரைத் தேடி வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் கூடம் உண்டு, தொட்டி இல்லை.

2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாயிற்று. தலைநகரில் அலுவலகமும் கடையும் குடியிருப்பும் பெருகுதல் இயற்கை. அவ்வாண்டின் தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் 18.30 மீட்டருக்கு மேற்பட்டதையே உயர்கட்டடம் என வகுத்தன. அஃதாவது அறுபதடி வரை எழும்பும் கட்டடம் விதியின் கண்ணில் உயரமானதன்று. கோபுரத்தின் மூன்றில் ஒரு பங்குதானே எனலாம். ஆனால் நாற்பதடி அகலமுள்ள தெருவின் இப்புறம் நின்று பாருங்கள்: அப்புறத்து அறுபதடிச் சுவர், நூற்றிருபதடிக்கு அப்பாலுள்ள கோபுரத்தை முழுதும் விழுங்கிவிடும். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டலாகாது என்று 1997இல் அரசாணை பிறந்தது. ஆணைக்குப் பின்னும் மீறல்கள் நேர்ந்து, வழக்குகள் நடந்தன. எனினும் சுட்டிக்காட்ட ஓர் அளவாவது இருந்தது.

குற்றாலத்தின் துன்பம் வேறு வகை. அங்கே செப்புத் தகடு வேய்ந்த சித்திரசபையும், அதன் மரவேலையும், சுவரோவியங்களும் கோயிலின் காவலில் உள்ளன. ஆயின் அருவிக்குக் கதவு இல்லை. இயற்கை நீரோட்டத்தைத் திருப்பித் தங்கள் வளாகத்துள் செயற்கை அருவி அமைத்த தனியார் விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் ஆணையிட வேண்டியதாயிற்று. குற்றாலத்தில் செயற்கை அருவி! திரிகூடராசப்பக் கவிராயர் கேட்டிருந்தால் குறவஞ்சியில் ஓர் அங்கதம் சேர்த்திருப்பார்.

பிறரைக் குறைகூறுமுன் என் கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். என் தந்தையார் பிறந்த தொட்டிக்கட்டு வீடு நான்கு பங்காயிற்று. ஓடு மாற்ற ஆளில்லை. தேக்கு உத்தரத்தில் கறையான். மழைக்காலத்தில் முற்றத்துப் பாசியில் பெரியம்மை வழுக்கி விழுந்து இடுப்பொடிந்தார். நால்வரில் ஒருவருக்கு மகள் திருமணம், ஒருவருக்கு மருத்துவச் செலவு. விற்போம் என்றபோது நானும் கையொப்பமிட்டேன். வாங்கியவர் மூன்று மாடி எழுப்பினார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. அங்கே இப்போது ஆறு குடும்பங்கள் நனையாமல் உறங்குகின்றன. ஆனால் இடிக்குமுன் அவ்வீட்டை அளந்து ஒரு படம் வரைந்து வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லையே! தொட்டியின் அகலம் எத்தனை அடி என்று அண்மையில் பேரன் கேட்டான். கைகளை விரித்துக் காட்டினேன்.

ஆதலின், வட்டத்தின் பத்தாம் ஆண்டில் அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம். கோயிலைச் சுற்றிய தெருக்களில் எஞ்சியுள்ள தொட்டிக்கட்டு வீடுகளை, உரியவர் இசைவோடு, அளந்து வரைவோம். புதிதாகக் கட்டுவோரிடம் ஒரு சிறு முற்றமேனும் விடுமாறு கேட்போம். கோபுரத்தை மறைக்காத உயரம் இன்னதென்று, மதுரையைக் காட்டி, நகராட்சிக்கு எழுதுவோம். அளவுநாடா என்னிடம் இருக்கிறது. ஆடிச் சாரல் ஓய்ந்ததும் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கோபுர வாசலில் நிற்பேன்.