பேசும் கருவியா? கணினியா? – ஒரு வரலாற்றுப் பார்வை



வாய்பேச இயலாத குழந்தைக்குக் குரல் தர இரு வழிகள் உள்ளன. பேசுவதற்கென்றே செய்யப்பட்ட தனிக்கருவி ஒன்று; பொதுக் கணினியில் பேசும் மென்பொருளை ஏற்றித் தருவது மற்றொன்று. எதைத் தேர்வு செய்வது? இக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு.

1960ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் 'போசம்' என்னும் கருவி உருவானது. கைகால் அசைக்க இயலாதோர் குழாயில் ஊதியும் உறிஞ்சியும் தட்டச்சுப் பொறியை இயக்கினர். 1971இல் கனடாவின் டொராண்டோ நகரில், சார்லஸ் பிளிஸ் படைத்த குறியீடுகளைப் பலகையில் எழுதி, குழந்தைகள் அவற்றைச் சுட்டிக்காட்டிப் பேசக் கற்பித்தனர். அதற்கு மின்சாரமும் தேவைப்படவில்லை.

1985இல் அறிவியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் அறுவைச் சிகிச்சையால் குரலை இழந்தார். வால்டர் வோல்டோஸ் என்னும் அமெரிக்கர், நோயுற்ற தம் மாமியாருக்காக எழுதிய மென்பொருளை அவருக்கு அனுப்பி வைத்தார். அது 'ஆப்பிள் 2' என்னும் சாதாரணக் கணினியில் இயங்கியது. ஒரே விசையால் சொற்களைத் தேர்ந்தெடுத்து, நிமிடத்திற்கு ஏறத்தாழ 15 சொற்களை ஹாக்கிங் பேசினார். அதே கணினியில் நூலும் எழுதினார். பேச்சும் எழுத்தும் ஒரே கருவியில் அமைந்ததே பொதுக் கணினியின் வலிமை.

ஆனால், அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு வேறு முடிவெடுத்தது. 2001 முதல் அது தனிக்கருவிக்குப் பணம் தந்தது, மென்பொருளுக்கும் தந்தது, கணினிக்கு மட்டும் தரவில்லை. அதனால் உற்பத்தியாளர்கள் கணினியின் பிற வசதிகளைப் பூட்டி, 'பேசும் கருவி' என விற்றனர். 2015இல்தான் அவ்விதி தளர்ந்து, மின்னஞ்சல் அனுப்பும் வசதியும் ஏற்கப்பட்டது.

நமக்கு நெருக்கமான சான்று சென்னையில் உள்ளது. வித்யாசாகர் என்னும் சிறப்புக் கல்வி நிறுவனத்தின் தேவையை அறிந்து, ஐ.ஐ.டி. சென்னையில் பயின்ற அஜித் நாராயணன் 'ஆவாஸ்' என்னும் கருவியை உருவாக்கினார். மேலைநாட்டுக் கருவிகளைவிட அதன் விலை மிகக் குறைவு. தனிக்கருவியாக வெளிவந்த ஆவாஸ், ஐபேட் பரவியதும் அதில் இயங்கும் செயலியாக மாறியது. இன்று அது தமிழிலும் பேசுகிறது. கருவி செய்தவரே பொதுக் கணினிக்கு மாறியது சிந்திக்கத்தக்கது.

அப்படியானால் தனிக்கருவி வீணா? அன்று. அது உறுதியானது, கவனத்தைச் சிதறடிக்காது, பிறர் அதை இரவல் கேட்கமாட்டார்கள். வீட்டிலுள்ள தட்டைக் கணினியை அண்ணன் விளையாட எடுத்துச் சென்றால், தம்பியின் வாயையே எடுத்துச் சென்றதாகிவிடும். எனவே, கணினியை வாங்கினாலும் அது அக்குழந்தைக்கே உரியதாக இருக்கட்டும். பிற செயலிகளுக்குச் செல்லாதவாறு பூட்டும் வசதியைத் தேவையானபோது பயன்படுத்தலாம்.

பெற்றோர்களே, விலையைக் கேட்குமுன் மூன்றைக் கேளுங்கள். குழந்தையின் கை, தலை, கண் ஆகியவற்றுள் எதனால் அதை இயக்க முடியும்? வீட்டில் பேசும் மொழியில் அது பேசுமா? பழுதானால் யார் சரி செய்வார்? மின்கலம் தீர்ந்த நேரத்திற்கென ஒரு படப்பலகை புத்தகப்பையில் எப்போதும் இருக்கட்டும்.

ஆசிரியர்களே, நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு உடற்குறையுற்றோர் சட்டம் இவர்களின் கல்வியுரிமையை ஏற்றுள்ளது. எக்கருவியாயினும், வகுப்பில் நாம் கேள்வி கேட்டுவிட்டு, அக்குழந்தை விடையைத் தேடி அழுத்தும்வரை காத்திருக்காவிட்டால் அது ஊமையே. அந்தப் பொறுமையை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.