பட்டாவுக்குக் கிடைத்த நிவாரணம்: 2020 பெருந்தொற்றும் உழவர் உதவித்தொகையும்

2020 மார்ச் 26 அன்று ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 1.70 லட்சம் கோடி ரூபாய்க்கு நிவாரணத் தொகுப்பு ஒன்றை அறிவித்தார். அதில் உழவர்களுக்கென இருந்தது பி.எம். கிசான் திட்டத்தின் 2,000 ரூபாய், 8.7 கோடிப் பேருக்கு ஏப்ரல் தொடக்கத்திலேயே வரவு வைக்கப்படும் என்றார்கள். ஊரடங்கின் இரண்டாம் நாளே வந்த அறிவிப்பு அது. வேகத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது புதுப் பணமல்ல. ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாகத் தரும் அத்திட்டம் 2019 பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டது. ஏப்ரல்–ஜூலைத் தவணை எப்படியும் வரவேண்டியதுதான். முன்கூட்டித் தந்த தவணைக்கு நிவாரணம் என்று பெயர் வைத்தார்கள்.

அதைவிடப் பெரிய குறை, பணம் யாருடைய இழப்பையும் பார்த்து வரவில்லை என்பது. நில ஆவணத்தில் பெயர் இருந்தால் பணம், இல்லையென்றால் இல்லை. குத்தகைக்கு மல்லிகை பயிரிட்டவரை எடுத்துக்கொள்வோம். கோயில் மூடல், கல்யாணம் தள்ளிவைப்பு, பூக்கடை அடைப்பு. பறித்தால் ஆள்கூலி கைநட்டம். விட்டால் மொட்டு செடியிலேயே மலர்ந்து கருகும். குத்தகைப் பாக்கி அப்படியே நிற்கும். 2,000 ரூபாயோ பட்டாதாரர் கணக்குக்குப் போகும், அவர் சென்னையில் குடியிருந்தாலும்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இந்த இடைவெளி இன்னும் அகலமானது. கிழக்கு வங்க அகதிகளைக் குடியேற்றியபோது குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் வயலும் ஐந்து ஏக்கர் மேட்டுநிலமும் அளந்து கொடுத்தார்கள். அந்த வரிசையில் வந்தவர்களுக்குக் காகிதம் உண்டு. 1978க்குப் பின் காட்டு நிலத்தில் ஏறியவர்களுக்கு இல்லை. அவர்களை வெளியேற்ற உச்ச நீதிமன்றம் 2002இல் உத்தரவிட்டது. நிக்கோபாரிகளிடையே நிலம் தனியாளுக்கன்றித் ‘துஹெத்’ எனும் கூட்டுக்குடும்பத்துக்கு உரியது. அப்போது போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தின் மின்னி பே போன்ற நகரப் பகுதிகள் காய்கறிக்குத் தீவின் தோட்டங்களையும் சென்னைக் கப்பலையும் நம்பியிருக்கின்றன. கப்பல் தடுமாறும் நாளில் உள்ளூர்க் காய்கறி யார் நிலத்தில் விளைந்தது என்று வாங்குகிறவர் எவரும் கேட்பதில்லை. உதவித்தொகைக்கு மட்டும் அந்தக் கேள்வியே முதல் கேள்வி.

நெருக்கடியில் இழப்பை அளந்துகொண்டிருக்க முடியுமா, கையில் இருக்கும் பட்டியலைத்தானே பயன்படுத்த முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இழப்பை அளந்து கொடுத்த அமெரிக்கா 2020இல் விளைபொருள் வாரியாக, ஒருவருக்கு 2.5 லட்சம் டாலர் வரம்பில் பணம் தந்தது. அதிகம் விளைவித்தவருக்கே அதிகம் போனது. ஆனால் பட்டியலை முன்பே விரித்து வைத்திருக்கலாமே. ஒடிசா 2018 டிசம்பரில் அறிவித்த காலியா திட்டத்தில் வாரக் குடியானவரும் நிலமற்ற விவசாயக் குடும்பமும் இருந்தார்கள். தமிழ்நாட்டில் குத்தகை உரிமைப் பதிவேட்டுக்கு 1969ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. நிலக்காரர் சம்மதிக்காமல் பெயரைப் பதியத் துணிகிறவர் சிலரே. பெரும்பாலான குத்தகை வாய்ப்பேச்சில்தான் நடக்கிறது.

தமிழ்நாட்டில் பி.எம். கிசான் பட்டியல் விரிந்ததும் உண்டு, தவறான திசையில். தாமாகவே பதிந்துகொள்ளும் வசதி வந்த பிறகு, வேளாண் துறையின் கடவுச்சொற்களைக் கையில் வைத்திருந்த ஒப்பந்தப் பணியாளர்களும் கணினி மையத் தரகர்களும் சேர்ந்து தகுதியற்றவர்களைச் சேர்த்தார்கள். 2020 ஆகஸ்டில் கள்ளக்குறிச்சி, கடலூர், விழுப்புரம் பக்கம் அது வெளிப்பட்டது. சுமார் 5.5 லட்சம் போலிப் பயனாளிகள், 110 கோடி ரூபாய் என்றது அரசு, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

இதிலிருந்து அரசு கற்றது சரிபார்ப்பை இறுக்குவதை மட்டுமே. பின்னாளில் மின்னணு அடையாளச் சரிபார்ப்பும், பயனாளியின் கணக்கோடு நில ஆவணத்தை இணைப்பதும் கட்டாயமாயின. போலியைத் தடுக்க இவை தேவையே. ஆனால் சல்லடையின் கண்ணைச் சிறிதாக்கியதால் பட்டா இல்லாத உண்மை உழவர் எவரும் உள்ளே வந்துவிடவில்லை. அடுத்த பேரிடரிலும் அதே பட்டியலைத்தான் எடுப்பார்கள் என்றால், குத்தகைதாரரை அடங்கல் எனும் கிராமப் பயிர்க் கணக்கில் பருவந்தோறும் எழுதும் வேலையைக் கிராம நிர்வாக அலுவலர் இப்போதே செய்தாக வேண்டும், நிலக்காரர் முகம் சுளித்தாலும்.