கடல்கோளும் கண்டத்தட்டும்

பழவேற்காடு என்றவுடன் வரலாறு பயின்றோர் நினைவில் எழுவன 1613-இல் டச்சுக்காரர் கட்டிய ஜெல்டிரியா கோட்டையும், வாயிலில் எலும்புக்கூடுகள் செதுக்கப்பெற்ற அவர்தம் கல்லறைத் தோட்டமுமே. அவ்வூர் நிற்கும் நிலத்தின் வரலாற்றை நாம் கேட்டதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கேட்க நேர்ந்தது.

ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இக்கிழக்குக் கரை அண்டார்க்டிகாவோடு ஒட்டிக் கிடந்தது. பிரிந்து வடக்கே நகர்ந்த இந்தியத் தட்டு, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவை முட்டியது. முட்டிக்கொண்டவை இரண்டும் இலேசான கண்ட மேலோடு. எதுவும் எளிதில் அமிழாது. ஆகவே நெருக்குண்ட பாறை மேற்பகுதியில் முறிந்து ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறிற்று. ஆழத்தில் வெப்பத்தால் இளகி மெல்ல மடிந்தது. வழக்கமாக 35, 40 கி.மீ. தடிமனுள்ள மேலோடு திபெத்தில் சுமார் 70 கி.மீ. ஆனது அவ்வாறுதான்.

கிழக்கே, அந்தமான் சுமத்திரா ஓரத்தில் நிலைமை வேறு. அங்கே நம் தட்டின் கடலடிப் பாறை கனமானது. அண்டைத் தட்டின் கீழே அது செருகிக்கொள்கிறது. செருகும்போது மேலுள்ள தட்டின் விளிம்பையும் பற்றிக் கீழே இழுக்கிறது. சேற்றில் ஊன்றிய மூங்கில் கழிபோல் அவ்விளிம்பு பல்லாண்டுகள் வளைகிறது. பிடி விட்டதும் நிமிர்கிறது. அன்று காலை 6.29 மணிக்கு, ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்குப் பிடி விட்டது. ஒருபுறம் கடலடி உயர்ந்தது. மறுபுறம் பெரிய நிகோபாரின் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கின் அடியைக் கடல் சூழ்ந்தது. பழவேற்காட்டில் நிலம் உயரவுமில்லை, தாழவுமில்லை. நீர் மட்டும் குப்பங்களுக்குள் வந்தது.

இது முதன்முறையன்று. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிகோபார் அருகே நேர்ந்த நடுக்கத்தின் அலையைச் சென்னையின் கடல்மட்டக் கருவி பதிந்து வைத்திருந்தது. சிறிய அலை, மறந்துவிட்டோம். புகாரைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்கிறது. இந்திரவிழா நின்றதே காரணம் என்கிறது. வகுப்பறையில் நாமும் அதைத் தொன்மமாகவே சொல்லிக் கடந்தோம். கடல்கோள் என்ற சொல் கையில் இருக்க, சுனாமி என்ற ஜப்பானியச் சொல்லை அந்த வாரத்துச் செய்தித்தாள்களில் எழுத்துக்கூட்டிப் படித்தோம்.

நிற்க. இதைக்கொண்டு குமரிக்கண்டத்தை நிறுவ எவரும் விரைய வேண்டா. கண்ட மேலோடு கப்பலைப்போல் மூழ்குவதில்லை. தெற்கே ஆழ்கடலின் அடியில் இருப்பது கனத்த கடல் மேலோடே. அலையில் ஓர் ஊர் அழியலாம்; அது கண்டம் அழிந்ததாகாது.

2007 முதல் ஐதராபாத் மையம் அந்த விளிம்பின் அசைவுகளைக் கவனித்து எச்சரிக்கை விடுக்கிறது. அலை அங்கிருந்து நம் கரையை அடைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரமாகிறது. 2004-இலும் அந்த இரண்டரை மணி நேரம் இருந்தது.